ஹீட்டர் நின்ற மாடியில் கூழ்

கனடாவில் ஹீட்டர் நின்றால் ஒரு மணி நேரத்தில் ஆள் விறைத்துச் செத்துப்போவான் என்று நம்பியிருந்தேன். ஸ்காபரோவில் நண்பனின் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறேன், ஹீட்டர் நின்றுவிட்டது. கொண்டுவந்த ஐந்து சட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு, மனைவிக்குக் கடைசிச் செய்தி எழுதுகிறேன். எதிர்வீட்டு அன்ரி கதவைத் தட்டுகிறார்.

"உதென்ன கோலம் தம்பி? உடுப்புக் கடையையே போட்டுக்கொண்டு நிக்கிறியள்! வாங்கோ, கூழ் காய்ச்சுறம்."

"உங்க வீட்ல ஹீட்டர் ஓடுதா?"

"இந்த மாடியில ஒருத்தருக்கும் ஓடேல்லை. அதுதான் எல்லாரையும் கூப்பிடுறன்."

அடுப்பில் பெரிய பானை. நண்டும் மீனும் ஒடியல் மாவில், அதாவது காய்ந்த பனங்கிழங்கு மாவில், கொதிக்கின்றன. சின்ன ஹாலில் தோளோடு தோள் இடித்துப் பதினெட்டுப் பேர் ஊதி ஊதிக் குடிக்கிறோம். எல்லோருக்கும் வியர்க்கிறது. வெளியே பனி கொட்டுகிறது. அன்ரி ஜன்னலைத் திறந்துவிடுகிறார்.