பின்சீட்டில் வர்க்கி பாய்

"மெல்ல... மெல்ல... லாரி வருது புள்ள, பிரேக்கப் புடி, புடி!"

லாரி எங்கியோ போத்தனூர் பாலத்துக்கு அந்தப்பக்கம் ஹாரன் அடிச்சிருக்கு. அதுக்கே பின்சீட்டுல உமர் பாரூக்கோட வலது கால் இல்லாத பிரேக்கை ஓங்கி மிதிச்சாச்சு. ஸ்கூட்டி ஒரு ஆட்டம் ஆட, அவர் மடியில இருக்கிற தேங்காபன் பெட்டி, வண்டி ஓட்டற பொண்டாட்டி ரம்லாவோட முதுகுல இடிக்குது.

"ஏனுங்க, வண்டிய நான் ஓட்டறனா, நீங்க ஓட்டறீங்களா?"

"நீதான் ஓட்டற. நான் பார்த்துக்கறேன்."

"பார்க்கத்தான் முடியாதுன்னு டாக்டர் சொல்லிப்போட்டாரே!"

"அதுக்குத்தான் காதால பார்த்துக்கறேன்."

ரம்லா பல்லைக் கடிச்சுக்கிட்டு ஆக்ஸிலேட்டரைத் திருகறாங்க.

போத்தனூர்ல இருந்து மதுக்கரை வரைக்கும் இருக்கிற டீக்கடைகள்ல உமர் பாரூக்னு கேட்டா யாருக்கும் தெரியாது. வர்க்கி பாய்னு கேக்கணும். பேக்கரியில விடிஞ்சதும் சரக்கு எடுத்து, பழைய எக்ஸ்.எல். வண்டியில கடை கடையா மொறுமொறு வர்க்கியும் பன்னும் போட்டுக்கிட்டிருந்த மனுசன். போன வருசம் சக்கரை வந்து வலது கண்ணை முழுசா வாங்கிக்கிச்சு, இடது கண்ணுல பாதி. இனி வண்டியத் தொடவே கூடாதுன்னுட்டாங்க. மக உஸ்மா கல்யாணமாகிப் போறப்ப விட்டுட்டுப் போன ஸ்கூட்டி வீட்டுல சும்மா நின்னுச்சு. ரம்லா அம்பது வயசுல ஓட்டக் கத்துக்கிட்டு, எட்டுப் போட்டு லைசென்ஸும் வாங்கிட்டாங்க. ஓட்டறதை அவங்க கத்துக்கிட்டாங்க சரி, பின்னாடி உக்கார்றதை அவருக்கு யாரு கத்துக்குடுக்கறது?

முக்கியமா அந்தக் கை. எங்க திரும்பினாலும் பின்னாடி இருந்து அவர் கை வெளிய நீளும். "அந்த மினுக்கு லைட்டையெல்லாம் யாரு பார்க்கறாங்க? கை போட்டாத்தான் மரியாதை." ஒருநா ரம்லா இடது பக்கம் இண்டிகேட்டர் போட, அவர் வலது பக்கம் கை நீட்ட, பின்னாடி வந்த பஸ் குழம்பி அப்படியே நின்னுருச்சு. டிரைவர் தலையை வெளிய நீட்டிக் கத்தினாரு: "அக்கா, ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க, நாங்க வெயிட் பண்றோம்!"

பாய்க்குக் கோவம் வந்தாலும் மரியாதை போகாது. உரசற மாதிரி போற பைக்குக்காரனைப் பார்த்து, "ஏனுங்க தம்பி, ரோடு உங்க மாமனார் ஊட்டுச் சீருங்களா?"ன்னுதான் திட்டுவாரு. பின்சீட்டுல இருந்து வர்ற திட்டுக்கு முன்சீட்டுல இருக்கிற ரம்லாவை முறைச்சிட்டுப் போவான் அவன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கலாம். அந்தத் தெருமுக்கு விசயத்தைத்தான் தாங்கவே முடியாது.

ஒவ்வொரு கடைக்கும் முந்தின முக்கு வந்ததும், "நிறுத்து, நிறுத்து." இறங்குவாரு. ஹெல்மெட்டைக் கழட்டிக் கக்கத்துல வெச்சுக்குவாரு. பெட்டியைத் தோள்ல ஏத்திக்குவாரு. பாக்கெட்டுல இருந்து எக்ஸ்.எல். சாவியை எடுத்து விரல்ல மாட்டிச் சுத்திக்கிட்டே நடந்து போவாரு. எக்ஸ்.எல். வித்து மாசக்கணக்காச்சு! வாங்கினவன்கிட்ட ஒரு சாவியைக் குடுத்துட்டு இன்னொண்ணை அமுக்கி வெச்சிருக்காரு மனுசன். கடையில கேட்டா, "வண்டிய அக்கட்டால நெழல்ல போட்டிருக்கறனுங்க." ரம்லா இங்க வெயில்ல, குப்பைத்தொட்டிக்குப் பக்கத்துல.

"ஒரு டீ வாங்கியாந்தா கொறைஞ்சா போயிருவீங்க?"

"யாருக்குன்னு கேப்பாங்கல்ல?"

ஒரே ஒரு தடவை, குரலை இறக்கிச் சொன்னாரு. "கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா நாளைக்கே இந்த லைன் கடைங்களுக்கு வேற ஆளைப் போட்டுக்குவாங்க, ரம்லா. அப்புறம் நான் ஊட்டுல உக்கார வேண்டியதுதான்." அன்னிக்குப் பூரா ரம்லா வாயே தொறக்கல. அடுத்த நா குப்பைத்தொட்டி நாத்தத்துல மறுபடி தொறந்துட்டாங்க.

அப்புறம் ஒருநா மதுக்கரையில, பாலக்காட்டுப் பக்கம் இருந்து சாய்வா அடிச்சுது மழை. சின்னான் டீக்கடைக்கு முந்தின முக்கு வந்துச்சு.

"நிறுத்து."

நிறுத்தல.

"நிறுத்துன்னு சொல்றனல்ல!"

"வர்க்கி நனைஞ்சா கூழுங்க. உங்க ரோசத்துக்காக நான் கூழ் விக்க முடியாது!"

கடை வாசல்லயே கொண்டு போய் நிறுத்திட்டாங்க. பாய் இறங்கவே இல்ல. பெட்டியைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, சாவியைக் கைக்குள்ள மூடிக்கிட்டு, திருட்டு முழி முழிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. சின்னான் தலையில சிமெண்டுச் சாக்கைப் போட்டுக்கிட்டு ஓடி வந்தாரு.

"அப்பாடா! இன்னிக்காச்சும் அக்காவைக் கூட்டியாந்தீங்களே பாய். தெனமும் முக்குல வெயில்ல நிக்க வெச்சுப்போட்டு வாரீங்க, பார்க்கவே சங்கடமுங்க."

"உங்களுக்கு... தெரியுமுங்களா?"

"லைன் முச்சூடும் தெரியுமுங்க. கண்ணு விசயமும் தெரியுமுங்க. நீங்க சாவியச் சுத்திக்கிட்டு ஜம்முனு வாரப்ப யாருக்குங்க சொல்ல மனசு வரும்?" பெட்டியை வாங்கிக்கிட்டே சொன்னாரு, "சரக்கு முன்னைவிடச் சீக்கிரமா வருது. எங்களுக்கு அது போதுமுங்க."

ரம்லா ரெண்டு டீ குடிச்சாங்க. பாய் ஒண்ணுகூடக் குடிக்கல. திரும்பி வண்டி ஏறின பின்னாடி, "முன்னைவிடச் சீக்கிரமாமா"ன்னு ரம்லா முன்னாடி பார்த்தே மூணு தடவை சொன்னாங்க. பின்னாடி பிரேக்கைக்கூட யாரும் மிதிக்கல.

மழை விட்டுருச்சு. அடுத்த கடை, ரோட்டுக்கு வலது பக்கம். முந்தின முக்கு வந்ததும் ரம்லா பழக்க தோசத்துல நிறுத்திக் காலை ஊனினாங்க.

"இறங்கலீங்களா?"

சாவி சட்டைப் பாக்கெட்டுக்குள்ள விழுந்த சத்தம் மட்டும் கேட்டுச்சு.

ரம்லா வலது பக்கம் இண்டிகேட்டரைப் போட்டு, கடை வாசலைப் பார்த்து வண்டியைத் திருப்பினாங்க. பின்னாடி இருந்து ஒரு கை மெல்ல வெளிய வந்துச்சு. நல்லா விறைப்பா, தோள் வரைக்கும் முழுசா நீண்டு, வர்ற வண்டியெல்லாம் பார்க்கற மாதிரி.

"அதான் இண்டிகேட்டர் போட்டிருக்குதல்லங்க!"

கை இறங்கல.