பட்டரவாக்கத்தில் நான் படித்த நான்கு கான்ஜி எழுத்துகள்

ஜப்பானிய மொழி கற்பவர்கள் பலர், அதன் கான்ஜி என்னும் சித்திர எழுத்துகளைப் படித்துப் பழக எங்கே போகலாம் என்று கேட்கிறார்கள். நான் டோக்கியோவைச் சொல்லப்போவதில்லை. என் முதல் கான்ஜி பயணம் தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு சனிக்கிழமை, ஆவடியிலிருந்து பட்டரவாக்கம் வரை. மொத்தமே ஏழெட்டுக் கிலோமீட்டர். சிரிக்காதீர்கள், பிற்பாடு கியோத்தோ போனபோதுகூட எனக்கு அவ்வளவு படபடப்பு இல்லை.

அப்போது அப்பாவின் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தோம். மாலை வகுப்பில் எனக்கு மூன்றாம் வருடம், ஐந்நூறு அறுநூறு எழுத்துகள் தெரியும். ஆனால் எல்லாமே பாடப்புத்தகத்தில் பார்த்தவை. கட்டிலில் படுத்துக்கொண்டு நீச்சல் பழகிய கதைதான்.

பள்ளியில் என்னோடு படித்த செல்வியின் கணவர் ஏழுமலை, அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் சிறு பட்டறை வைத்திருந்தார். பழைய ஜப்பான் மெஷின் ஒன்றை வாங்கிவந்தார். விற்ற இடத்தில் ஜம்மென்று ஓடியது, இங்கே இறக்கிப் பூஜை போட்டதும் படுத்துவிட்டது. ஆர்டர் தருபவர் திங்கட்கிழமை பார்க்க வருகிறார். ஓடினால் ஆர்டர், இல்லையென்றால் அது வேறு பட்டறைக்கு. செல்வி வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து, "அதுல என்னமோ எழுதியிருக்குடி, நீ வந்து படி" என்றாள். நிஜக் கான்ஜி! எனக்குத் தூக்கமே வரவில்லை.

காலை ஒன்பது பத்துக்கு ஆவடியில் மின்சார ரயில். அண்ணனூர், திருமுல்லைவாயில், அம்பத்தூர் தாண்டி நான்காவது ஸ்டேஷன் பட்டரவாக்கம், எஸ்டேட்டுக்கு அதுதான் பக்கம். டிக்கெட் இரண்டு ரூபாய். இறங்கி இருபது நிமிட நடை. வழியெல்லாம் ஆயில் வாசனை.

பட்டறையில் மெஷின் மாலையும் சந்தனமுமாகக் கல்யாணப் பெண் போல நின்றது. அதன் பொத்தான் பலகை நிறைய எழுத்துகள். பாதி எனக்குத் தெரியாதவை. ஆனால் ஒரே ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழே நான்கு எழுத்துகள்: 非常停止. கடைசி எழுத்து 'நிற்பது', அது சுலபம். அதற்கு முந்தையது?

"இது பஸ் ஸ்டாப் பாடத்துல வரும்" என்றேன்.

"இன்னா தங்கச்சி, மிஷினுக்குள்ள பஸ் ஸ்டாப்பா?" என்றார் ஏழுமலை. கரண்ட் லைன் பார்க்க வந்திருந்தவர் வாயைப் பொத்திச் சிரித்தார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. முதல் இரண்டையும் முறைத்துப் பார்த்தேன். 'அல்ல', 'வழக்கம்'. வழக்கமல்லாத நிறுத்தம். அட, அவசர நிறுத்தம்! அப்படியென்றால் அந்தப் பொத்தானை யாரோ அழுத்தி வைத்திருக்கிறார்கள். அதே நான்கு எழுத்தைப் பலகை முழுக்கத் தேடினேன். வேறெங்கும் இல்லை. மிச்சம் இருந்தது ஒரு பெரிய சிவப்புக் குமிழ்தான். அதன் மேலும் சுற்றிலும் அப்பியிருந்தது சந்தனம், நடுவில் குங்குமம்.

"அண்ணா, இதைத் துடைக்கணும்."

"சாமிக்கு வெச்சதும்மா. தொட்சா ஆவுமா?" அவர் முகம் வாடிவிட்டது. "நான்தான் அளுத்தி வெச்சேன். மூஞ்சி மாதிரி எடுப்பா கீதேன்னு."

செல்வி கும்பிட்டுவிட்டு, முந்தானையால் துடைத்தாள். அடியில் மஞ்சள் வட்டம். அதில் என் நான்கு எழுத்துகள், பக்கத்தில் வளைந்த அம்புக்குறி. குமிழைத் திருப்பினேன், டக்கென்று வெளியே வந்தது. விளக்கு அணைந்தது. ஏழுமலை பச்சைப் பொத்தானை அழுத்தினார். மெஷின் உறுமியது. "ஓடுது பாரு, ஓடுது பாரு" என்று சொல்லிக்கொண்டே அவர் அழுதார். நானும்தான். திங்கட்கிழமை ஆர்டரும் கிடைத்தது.

கற்றுக்கொண்டிருப்பவர்களுக்குச் சில யோசனைகள். எல்லாம் தெரிந்தபின் வெளியே போகலாம் என்று காத்திருக்காதீர்கள், அந்த நாள் வரவே வராது. தெரியாத எழுத்தை விட்டுவிட்டுத் தெரிந்ததைப் பிடித்துக்கொள்ளுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும். எஸ்டேட் பக்கம் போனால் சனிக்கிழமை மதியத்துக்குள் போங்கள், பிறகு பாதிப் பட்டறை பூட்டிக் கிடக்கும்.

அந்த வருட ஆயுத பூஜைக்கு என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். ஏழுமலை அண்ணன் சந்தனக் கிண்ணத்தோடு மெஷின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"படிச்சு சொல்லு தங்கச்சி, எங்க வெக்கலாம்?"

ஒவ்வொரு எழுத்தாகப் படித்து, எதுவுமே எழுதாத ஓர் இடத்தைக் காட்டினேன்.