மாமியின் குரவையும் நான் மாற்றிய வீடியோவும்

இதை எழுதலாமா விடலாமா என்று பல வருஷம் யோசித்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். அதோடு இதில் வருகிற மடையனும் நான்தான். "எழுதுங்க, நாலு பேராவது உங்களப்போலச் செய்யாமத் தப்பட்டும்" என்று மனைவி சொன்ன பிறகே துணிந்தேன்.

மாப்பிள்ளையாக நான் படியேறியபோது நாக்கைச் சுழற்றிக் குரவை (குலவை) இட்டது மனைவியின் உம்மா, என் மாமி. கல்முனையில் அந்தக் குரவைக்கு நிகர் இல்லை என்பார்கள். சுனாமி மாமியைக் கொண்டுபோனது. வீட்டையும் படங்களையும் கொண்டுபோனது. கலியாண வீடியோ டிஸ்க் மட்டும் தப்பியது, அப்போது அது எங்கள் வீட்டில் இல்லாததால். சம்மாந்துறைச் சாச்சி (சின்னம்மா) பார்த்துவிட்டுத் தருவதாக வாங்கிப்போய் இரண்டு வருஷமாகத் தராமல் வைத்திருந்தார். அவரை ஏசிய ஏச்சுக்கெல்லாம் பிறகு அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுத் தவ்பா செய்தோம்.

நாட்டில் சண்டை முடிந்த பிறகு பழைய கொம்பியூட்டர் ஒன்று வாங்கினேன். மனைவி கேட்டது ஒன்றுதான்: "உம்மாட குரவைய ஒருக்காக் கேக்கணும்."

டிஸ்க்கில் கீறல். சரியாகக் குரவை வரும் இடத்தில் டிவி இறுகி நின்றுவிடும். ஒரு மாதிரி கீறலைத் தாண்டி முழுவதையும் கொம்பியூட்டருக்குள் இறக்கினேன். அதை எந்த ஃபோர்மட்டுக்கு மாற்றுவது என்பதில்தான் சோதனை தொடங்கியது.

முதலில், மென்பொருளின் பட்டியலில் மேலே கிடந்த த்ரீஜிபி. என் பட்டன் போனில் சின்னதாக ஓடியது. தொடக்கத்தைப் பார்த்ததுமே மனைவி போனைத் திருப்பித் தந்தாள். "இஞ்சேருங்க, இது மாப்பிள்ளையா, பல்லிக்குஞ்சா?"

அடுத்தது ஏவிஐ. படம் பெரிசு, சத்தம் பிந்தி வந்தது. மௌலவி துஆ ஓதும் சத்தம் கேட்கிறது. படத்தில் மச்சான், பலர் சேர்ந்துண்ணும் சஹன் தட்டில் கோழிக்காலைப் பிய்க்கிறான். "ஆமீன்" என்ற சத்தத்துக்கு எலும்பைத் துப்பினான். அஸ்தஃபிருல்லாஹ் என்று நிறுத்திவிட்டேன்.

மூன்றாவது எம்பிஃபோர். அதற்கு வேறொரு மென்பொருள். கட்டம் கட்டமாகக் கேள்வி கேட்டது. வீடியோக்காரன் படம் முழுக்கச் சினிமாப் பாட்டைப் போட்டிருந்தது எனக்கு நெடுநாள் உறுத்தல். 'சத்தம் வேண்டாம்' என்ற கட்டத்தைக் கண்டதும், அல்லாஹ் காட்டிய வழி என்று பிஸ்மில்லாஹ் சொல்லிச் சரி போட்டேன். விடிய சுபஹுக்குத் தொடங்கிப் பின்னேரம் அஸருக்கு முடிந்தது. படம் கண்ணாடி! இடம் காணாதென்று கொம்பியூட்டரில் மற்றதையெல்லாம் அழித்தேன். இனி டிஸ்க் தேவையில்லை, ஆனால் குப்பையில் போட மனம் வரவில்லை. அதில் குர்ஆன் ஓதும் கிராஅத் இருக்கிறதே. பழுதான குர்ஆன் தாள்களை அடக்குவதுபோல, வெள்ளைத் துணியில் சுற்றித் தென்னையடியில் அடக்கினேன்.

மனைவி முக்காட்டைச் சரிசெய்து வந்து இருந்தாள். திரையில் மாமி வாயைத் திறந்தார். நாக்கு அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

"சத்தத்தக் கூட்டுங்க."

கூட்டினேன்.

"இன்னும் கூட்டுங்க."

"புள்ள, பாட்டு வேணாமெண்டு நான்..."

"பாட்டோட என்ட உம்மாவையும் சேத்தா எடுத்தீங்க?"

மண்வெட்டியோடு தென்னையடிக்கு ஓடினேன். முதல் வெட்டிலேயே டிஸ்க் இரண்டானது. திரும்பி வந்தபோது அவள் குசினியில், கழுவிய மீனையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அப்போதுதான் பட்டன் போன் ஞாபகம் வந்தது. அதில் இருந்ததை நான் அழிக்கவில்லை, அழிக்கத் தெரியாததால். குசினி வாசலில் நின்று ஓடவிட்டேன். மாமி நெல்மணி அளவுதான். ஆனால் குரவை சட்டிபானை அதிர எழுந்தது. அடியில் சினிமாப் பாட்டும் ஓடியது. அதையும் சேர்த்தே சத்தத்தைக் கூட்டினேன்.

"இன்னொருக்காப் போடுங்க" என்றாள், மீன் கையோடு.

அதைப் பிரதி எடுத்து வைத்திருக்கிறோம். எந்த ஃபோர்மட்டுக்கும் மாற்றவில்லை. இதைப் படித்தவர்களும் மற்றவர்களுக்கு அனுப்புங்கள். ஒரு சொல்லையும் எடுக்காமல், என் பிழைகளோடு இருக்கிறபடியே. தேவையில்லை என்று நீங்கள் வெட்டுகிற இடத்தில் யாருடைய உம்மா நிற்கிறாரோ, அல்லாஹ்தான் அறிவான்.