அண்ணன் உயரத்துக்கு ஒரு தள்ளுமேசை

இறந்துபோன ஒருவரின் உயரத்துக்கு மேசை செய்துவிட்டு, எட்டாமல் பிளாஸ்டிக் முக்காலி மேல் ஏறி நின்று வேலை பார்த்தவன் நான். அந்த மேசைக்கு நான்கு சக்கரம் வாங்கினேன், நான்கிலும் பிரேக் இல்லை. இருபது வருடமாக டயர் கடையில் வேலை செய்கிறேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது கண்டுபிடித்துச் சிரிப்பதற்குள் நானே சிரித்து முடித்துவிடுவது என் வழக்கம்.

அண்ணன் ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. நான் ஐந்தடி மூன்று. அவர் பக்கத்தில் நின்று எடுத்த படங்களில் எல்லாம், அவரை வெட்டி எடுத்தபின் மிஞ்சிய துண்டுப் பலகை போல இருப்பேன்.

வாரத்தில் ஆறு நாள் விடியுமுன்னே எல்லைப் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவார். ஞாயிற்றுக்கிழமை தம்போயில் இருக்கும் அவர் வீட்டுக் கார் போர்ச்சில் மரவேலை. கார் வெளியே வெயிலில் நிற்கும், உள்ளே இரண்டு மின் ரம்பங்கள் நிழலில் நிற்கும். ஒன்று மேசை ரம்பம், இன்னொன்று கோணம் வெட்டுவது. மற்ற நாட்களில் இரண்டும் அடுப்படிக்குப் பின்னால் இருக்கும் ஸ்டோர் ரூமில். அங்கிருந்து ஹால் வழியாகத் தூக்கி வர வேண்டும், மாலையில் தூக்கிக்கொண்டு போக வேண்டும். மேசை ரம்பம் ஓர் அரிசி மூட்டைக் கனம். மூட்டையாவது தோளில் சாயும், இது விலாவில் குத்தும்.

அதற்குத்தான் ரம்பங்களை ஏற்றி உருட்டிக்கொண்டு போக ஒரு தள்ளுமேசை யோசனை. பிளைவுட் வாங்கினார், வீட்டுக் கதவுகளை எல்லாம் அளந்தார், பலகைகளை அளவாக வெட்டி ஸ்டோர் ரூமில் சாய்த்து வைத்துவிட்டு எனக்குப் போன் செய்தார்.

"டேய், ஞாயித்துக்கிழம வா. எல்லாம் வெட்டியாச்சு. பிடிக்க ஒரு ஆளு வேணும்."

"அடுத்த வாரம் கண்டிப்பா, அண்ணே."

"போன வாரமும் இதத்தானடா சொன்ன?"

"போன வாரம் சும்மா சொன்னேன். இந்த வாரம்தான் கண்டிப்பா சொல்றேன்."

சிரித்தார். அவரைச் சிரிக்க வைத்தால் தப்பித்துவிடலாம் என்பது சின்ன வயதிலேயே நான் கற்றுக்கொண்டது. ஒரு ஞாயிறு பெக்கான் நானாஸில் கூட்டாளி வீடு மாற்றினான், அது உண்மை. அடுத்த ஞாயிறு கோத்தா திங்கியில் ஒரு கல்யாணம் என்றேன். அப்படி ஒரு கல்யாணம் இல்லை. மாப்பிள்ளைக்குப் பேர்கூட யோசித்து வைத்திருந்தேன், அண்ணன் கேட்கவில்லை. அந்த ஞாயிறு, காற்றாடிக்குக் கீழே கைலியோடு கட்டிலில் படுத்துப் போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மதியத்துக்குள் அண்ணன் போர்ச்சில் விழுந்துவிட்டார். இருதயம் என்றார் டாக்டர். அண்ணியின் அழைப்பு வந்தபோதும் நான் அந்தக் கட்டிலில்தான் கிடந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் அக்கம்பக்கத்தார் போர்ச்சை ஒழித்து, கூடாரம் கட்டி, நாற்காலி போட்டிருந்தார்கள். ரம்பங்கள் ஸ்டோர் ரூமில் இருந்தன, மேலே பழைய போர்வை. காலையில் அவை வெளியே இருந்தனவா, அல்லது முந்தின வாரத்திலிருந்து அங்கேயே கிடந்தனவா? வெளியே இருந்திருந்தால் அன்று காலை யார் தூக்கி வந்தது? கேட்டிருக்கலாம். வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தேன், செருப்பை எல்லாம் வரிசையாக அடுக்கினேன், அதை மட்டும் கேட்கவில்லை. அதன்பிறகு கடையில் டயர் ஒன்றைத் தூக்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி கூடவே எழும்பி வரும். பத்து மாதம் அப்படிப் போனது.

பத்தாவது மாதம் அண்ணி போன் செய்தார்.

"தம்பி, அந்தப் பலகைங்க அப்படியே நிக்குது. அரிசி எடுக்கப் போனா காலுல இடிக்குது. ஒண்ணு செஞ்சு முடிங்க, இல்ல தூக்கிட்டுப் போயிடுங்க."

"செஞ்சிடறேன் அண்ணி."

"எந்த ஞாயிறு?"

"இந்த ஞாயிறே."

"பாப்போம்" என்றார்.

போனேன். பலகைகளை ஒவ்வொன்றாகப் போர்ச்சுக்கு எடுத்து வந்து வெளிச்சத்தில் புரட்டினேன். அளவுகள், அம்புக்குறிகள், துளை போடும் இடங்கள், எல்லாம் அண்ணனின் பென்சிலில் இருந்தன. ஒவ்வொரு பலகையின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு சொல். ஒரு முனையில் 'நான்'. மறு முனையில் 'தம்பி'. யார் எந்தப் பக்கம் பிடிப்பது என்று எழுதி வைத்திருந்தார். கனமான பக்கங்களில் எல்லாம் 'நான்'.

முதல் பலகையைத் தரையில் வைத்துவிட்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வேறு வழியில்லாமல் 'தம்பி' என்ற இடத்தில் கையை வைத்தேன். 'நான்' என்ற பக்கம் சரிந்தது. காலிக் கேஸ் சிலிண்டர் தோங் ஒன்றை இழுத்து வந்து அண்ணன் பக்கத்தில் முட்டுக் கொடுத்தேன். மூன்றாவது ஸ்குருவை முறுக்கும்போது பலகை அசையாமல் நின்றது. நன்றாக இருக்கிறதே என்று நிமிர்ந்து பார்த்தால், தோங் ஒரு சாண் தள்ளி உருண்டு கிடந்தது. பலகை தானாக நின்றுகொண்டிருந்தது.

"தேங்ஸ், அண்ணே" என்றேன், வாய்விட்டு.

அடுப்படியிலிருந்து அண்ணி, "யாருகிட்ட பேசுறீங்க?"

"ஸ்குருகிட்ட."

பதில் சொன்னபோது சிரித்தேன். கையிலிருந்த டிரில்லை மட்டும் கீழே வைத்துவிட்டேன்.

சக்கரம் பூட்டி நிமிர்த்தி நிறுத்திவிட்டுச் சோறு தின்ன உட்கார்ந்தேன். இரண்டு வாய் போகவில்லை. வெளியே கரகரவென்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தோம். மேசை சுவரை விட்டுப் புறப்பட்டு, கேட்டை நோக்கி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. போர்ச்சின் நடுவில் வந்ததும் நின்றது.

அண்ணி வாசல்படியைத் தாண்டவில்லை. "அங்கதான் விழுந்தாரு" என்றார்.

மழைத்தண்ணீர் ஓட வேண்டும் என்று போர்ச்சுத் தரையைச் சரிவாகத்தான் கட்டுவார்கள், பிரேக் இல்லாத சக்கரம் உருளத்தான் செய்யும். நடுவில் ஒரு டைல் பெயர்ந்து விளிம்பு எழும்பியிருந்தது, விரலால் தடவியே பார்த்தேன். காரணம் எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனாலும் அதைத் திரும்பத் தள்ளிக்கொண்டு வரும்போது, யாரோ எதிர்ப்பக்கம் பிடித்திருக்கும் கனம் இருந்தது. சக்கரத்துக்கு அடியில் என் செருப்புகளைச் செருகினேன்.

மேல்பலகையைப் பூட்டும்போதுதான் அது என் நெஞ்சு வரை வருவதைக் கவனித்தேன். கோடு போட்ட இடத்தில் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஸ்குரு போட்டிருக்கிறேன், அந்தக் கோடுகள் யார் இடுப்புக்கு என்று யோசிக்கவில்லை. முக்காலி போட்டு ஏறினேன். அண்ணி வந்து என்னையும் முக்காலியையும் மேலும் கீழும் பார்த்தார்.

"சர்க்கஸ்ல சேரலாம் நீங்க."

"மேசக் கால நாலஞ்சு அங்குலம் வெட்டிடலாமா அண்ணி?"

"முதல்ல மெஷின வைங்க. வச்சுப் பாத்துட்டு வெட்டலாம்."

ஸ்டோர் ரூமுக்குள் போய்ப் போர்வையை எடுத்தேன். மேசை ரம்பத்தை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினேன். அடுப்படி தாண்டுமுன் மூச்சு வாங்கியது. சாப்பாட்டு மேசையில் இறக்கி வைத்தேன், மறுபடி தூக்கினேன். ஹாலின் நடுவில் என் இருதயம் காதுக்குள் அடித்தது. இதைத்தான் அண்ணன் ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு முறை செய்தார். கோத்தா திங்கி மாப்பிள்ளையின் பேர் ஞாபகம் வந்தது, காரணமே இல்லாமல்.

போர்ச்சுக்கு வந்துவிட்டேன். ஆனால் நெஞ்சு உயரத்துக்கு ஏற்ற முடியவில்லை. ரம்பத்தை வயிற்றில் சாய்த்துக்கொண்டு நின்றேன். அண்ணி வந்து எதிர்ப்பக்கம் பிடித்தார். எங்கே பிடிப்பது என்று தேடவில்லை. அவர் விரல்கள் அடிப்பகுதியில் இருக்கும் பள்ளத்துக்குள் நேராகப் போயின. அந்தப் பள்ளம் இருப்பதே எனக்குத் தெரியாது. இருவரும் ஒரே மூச்சில் தூக்கி மேலே வைத்தோம்.

கையைத் துடைத்துக்கொண்டு நின்றோம். இதற்குமேல் தள்ளிப்போட என்னிடம் ஞாயிறு இல்லை.

"அண்ணி, அன்னிக்கு அண்ணன் இதத் தனியாவா தூக்கினாரு?"

அவர் மேசையின் மேலிருந்த மரத்தூளை உள்ளங்கையால் ஓரத்துக்குத் தள்ளினார்.

"தனியா இல்ல, நானும் பிடிச்சேன்."