பையில் வரும் பொன்னாடை

சுவிஸில், ஷாஃப்ஹவுசனுக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்த ஊரின் நகரசபையில் அவர்தான் ஒரே தமிழ் உறுப்பினர். சாயம் பூசிய மீசை, சாம்பல் நிறக் கோட்டு. விழாக்காரர் மறந்துவிட்டால் என்ன செய்வது என்று, தனக்குப் போர்த்தவேண்டிய பொன்னாடையைக் கோட்டுப் பையிலேயே கொண்டுவருவார்.

எங்கள் தமிழ் வகுப்புக்குக் கொடுத்திருந்த பள்ளிக்கூட அறையைத் திருப்பி எடுக்கச் சபையில் வாக்கெடுப்பு நடந்தது. பார்வையாளர் வரிசையில் நான் இருந்தேன். அவரும் ஆதரித்துக் கையைத் தூக்கினார். வெளியே வந்ததும் மறித்துக் கேட்டேன்.

"என்ன அண்ணை, நீங்களுமோ?"

"எல்லாரும் தூக்கேக்க நான் மட்டும் சும்மா இருந்தால் நல்லாயிருக்குமோ?"

வகுப்பின் கடைசி நாள் விழாவுக்கும் அவர்தான் பிரதம விருந்தினர். பொன்னாடையைப் பையிலிருந்து எடுத்து ஆசிரியையிடம் நீட்டினார். ஆசிரியை போர்த்திவிட்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள். எல்லாரும் தட்டும்போது தான் மட்டும் சும்மா இருந்தால் நல்லாயிராது என்று நினைத்தாரோ என்னவோ, அவரும் சேர்ந்து தட்டினார்.