அக்கா எழுதிய இயற்பியல்

எனக்குக் கோபம் வந்தால் வாய் நீளும். அக்காவுக்கு வந்தால் பாத்திரம் தேய்ப்பாள். அன்று அவள் தேய்த்த தேய்ப்பில் வாணலியின் பல வருடக் கறுப்பு போய்விட்டது.

சமையல் மேடைமேல் ஒரு புத்தகம் கிடந்தது. நான்கு வருடமாக அவள் இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் டியூஷன் சென்டர் போட்டது. அட்டையில் கையைக் கட்டிக்கொண்டு முதலாளி நிற்கிறார். பெயருக்குக் கீழே 'நூலாசிரியர்' என்று வேறு. டைரக்டர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். ஓம் விதியைக் கேட்டால் ஓடிப்போகிற ஆள். உள்ளே இருந்தது முழுக்க அக்காவின் நோட்டு, வரிக்கு வரி. பிள்ளைகளுக்கு ஜெராக்ஸ் எடுக்கணும் என்று வாங்கிப்போனாராம்.

"விடுடி. நியூட்டன் விதி என்ன நான் கண்டுபிடிச்சதா?" என்றாள்.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிற எனக்கு இந்த வித்தியாசம் அத்துப்படி.

"விதி யாருக்கும் சொந்தமில்லக்கா. யாரு வேணும்னாலும் அதைப் பத்தி எழுதலாம். ஆனா நீ எழுதின வாக்கியம், நீ சொன்ன உதாரணம், நீ போட்ட படம், அதெல்லாம் உன்னோடது."

"நான் எங்கயும் பதிவு பண்ணலையே."

"பண்ணணும்னு இல்ல. நோட்டுல எழுதின அன்னைக்கே உரிமை வந்தாச்சு."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தாள்.

மறுநாள் என் வக்கீலம்மா கையெழுத்துப் போட்ட நோட்டீஸோடு இரண்டு பேரும் போனோம். டைரக்டர் உட்காரக்கூடச் சொல்லவில்லை. புத்தகத்தைக் காட்டிக் கேட்டோம்.

"என்கிட்ட சம்பளம் வாங்கிட்டு எழுதினது எனக்குத்தானேம்மா சொந்தம்? வேணும்னா வக்கீலைக் கேட்டுப் பாருங்க."

அந்த ஆள் சொன்னதில் பாதி சரி என்பதுதான் எரிச்சல். வேலைக்காக எழுதிக்கொடுத்தது, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், பெரும்பாலும் முதலாளிக்குத்தான் போகும். அக்கா எழுதியது வேலைக்குச் சேர்வதற்கு முன்னால், வீட்டில் சும்மா இருந்தபோது. ஆனால் நோட்டில் தேதி போடவில்லையே, பாவி.

அக்கா நிதானமாகப் புத்தகத்தின் நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்து, வகுப்பில் வாசிப்பதுபோல் வாசித்தாள்.

"'எனக்கு இப்போது ஏழாம் மாதம். ஏன் முதுகைப் பின்னால் சாய்த்து நடக்கிறேன்? வயிறு முன்னால் வந்ததும் என் ஈர்ப்பு மையமும் முன்னால் வந்துவிட்டது. சாயாவிட்டால் குப்புற விழுவேன்.'"

வாசலில் நின்ற கணக்கு வாத்தியார் சிரிப்பை அடக்க இருமினார்.

"என் பொண்ணுக்கு இப்ப எட்டு வயசு. நான் இங்க சேர்ந்து நாலு வருஷம்" என்றாள் அக்கா. "உங்களுக்கு எந்த ஆஸ்பத்திரியில சார் பிரசவம்?"

டைரக்டர் புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தார். திருடியதை ஒருமுறை படித்துப் பார்க்கக்கூட அந்த மனிதருக்கு உடம்பு வணங்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனாவது அள்ளிப் போட்டு மூடுவான். இவர் அதையும் செய்யவில்லை. நான் நோட்டீஸை அவர் முன்னால் வைத்தேன்.

படித்ததும் குரல் இறங்கியது. "சரிம்மா, எதுக்குப் பெருசு பண்றீங்க? அடுத்த பதிப்புல நன்றின்னு உங்க பேரைப் போட்டுடறேன்."

"நன்றிப் பக்கத்துல உங்க பேரைப் போட்டுக்கலாம் சார்" என்றாள் அக்கா. "அட்டையில என் பேரு வரணும்."