அயினி மரத்துப் பிள்ளைத்தாச்சி

அந்தப் படத்துக்குக் கீழே எங்கள் எஸ்டேட் பேரைப் போடச் சொன்னது நான்தான்.

மேகமலைக்கு ஏலக்காட்டு வேலைக்கு வந்தபோது எனக்குப் பதினாறு வயது. சின்னமனூரில் பிறந்தவள், இங்கே வாக்கப்பட்டு வந்தேன். எஸ்டேட் கட்டிக்கொடுத்த லயன் வீட்டிலேயே பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, எல்லாரையும் கீழே அனுப்பியாயிற்று. ஆள் பற்றாத நாளில் கூப்பிட்டால் இப்போதும் காய் எடுக்கப் போகிறேன். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. பஸ் போர்டை எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவேன். ஆனால் இந்த மலையில் எந்த மரம் எந்த மாதம் பழுக்கும், எந்த ஓடைக்கு யானை எப்போது இறங்கும் என்று என்னைத்தான் கேட்பார்கள். கங்காணியும் கேட்பார், காட்டிலாகாவுக்குப் புதிதாக வருகிறவரும் கேட்பார். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

எங்கள் காட்டில் ஓடைக்கு மேலே ஒரு அயினி மரம் நிற்கிறது. உயரத்தில் ஒரு பொந்து. தை பிறந்து சில நாளில் இருவாச்சிப் பறவையில் பொட்டை அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மண்ணையும் எச்சத்தையும் வைத்து வாசலைப் பூசி அடைத்துவிடும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல்தான் மிச்சம். உள்ளே இருக்கும்போது சிறகும் உதிர்ந்துபோகும். முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, அது தேறும் வரைக்கும் ஆண்தான் அத்திப்பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். அது வராவிட்டால் உள்ளே பட்டினி.

அந்த மாதங்களில் அந்த மரத்தடி ஏலச்செடி நிரையில் காய் எடுக்கிற பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கூவிக் கூப்பிட மாட்டோம். கங்காணியும் அங்கே விசில் ஊத மாட்டார். பிள்ளை பெற்ற வீட்டில் அயலான் எட்டிப் பார்க்கலாமா? அந்த மாதிரிதான். சொளகில் புடைக்கிற மாதிரி சிறகுச் சத்தம் கேட்டதும், அடுத்த நிரையில் இருக்கும், எனக்குப் பின்னால் இங்கே வேலைக்கு வந்த என் அண்ணன் பெண்டாட்டி குசுகுசுப்பாள்.

"மாப்ள சோறு கொண்டாந்துட்டாருடி. நமக்கும் வாச்சாகளே, ஒரு நா வெந்நி வச்சுக் குடுத்தாகளா?"

"எங்க அண்ணனவா சொல்ற மதினி?"

"ஒங்க அண்ணனத்தான். என்னையப் பொந்துல வச்சு அடச்சிட்டு, அந்தாக்குல சீட்டாடப் போயிருப்பாக."

சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு சிரிப்போம். சத்தம் வெளியே வராது.

மூன்று வருசத்துக்கு முன்னால் ஒரு பெண் கேமராவோடு வந்தாள். நாற்பது வயது இருக்கும். கோயில், குகை, காடு என்று உலகப் பாரம்பரிய இடங்களாகப் பார்த்துப் படம் எடுப்பதுதான் அவள் வேலை. எங்கள் மலைத்தொடரும் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பக்கத்து லயனில் தங்கினாள். சாப்பாடு என் வீட்டில்.

இருவாச்சியைப் பற்றி நானாகத்தான் பேச்செடுத்தேன். அவள் கேட்கவே இல்லை. மறுநாள் விடியற்காலையில் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் நடைமுறையை எல்லாம் சொன்னேன், ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டாள். தூரத்தில் பச்சைத் துணியைப் போர்த்திக்கொண்டு ஐந்து நாள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் நாள் சாப்பிட வந்தபோது கேமராவில் காட்டினாள். கீறலுக்கு வெளியே பொட்டையின் அலகு நுனி. ஆணின் அலகில் ஒற்றைப் பழம். கண்ணைச் சுற்றி இமை மயிர் கூடத் தெரிந்தது. இத்தனை வருசம் கீழே நின்று பார்த்தவளுக்கு அதற்கு இமை மயிர் இருப்பது அன்றைக்குத்தான் தெரியும்.

"படத்துக்குக் கீழ என்ன எழுதுவ?" என்று கேட்டேன்.

"மேற்குத் தொடர்ச்சி மலைன்னு மட்டும் போடுவேன்மா."

"அது எம்புட்டு நீளம்! எங்க ஊரு பேரு எங்கன?"

"இடத்தோட பேரு நான் போடுறதில்லம்மா. முன்னாடி போட்டுக்கிட்டிருந்தேன். ஒரு கோயில்ல கல் யானை ஒண்ணு. என் படத்தப் பாத்துட்டு வந்தவங்க எல்லாம் அது மேல பிள்ளைங்கள ஏத்தி வச்சு போட்டோ எடுத்தாங்க. இப்ப அதுக்கு ஒரு காது இல்ல."

அவள் சொன்னது காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை. என் மகளுக்கு உத்தமபாளையத்தில் சம்பந்தம் பேசப் போனபோது மாப்பிள்ளை வீட்டில் ஒரு பெரியவர், "மேகமலையா? அங்கன மனுசரு இருக்காகளா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தேன். அந்தச் சிரிப்பு இருபது வருசமாகத் தொண்டையில் நின்றது. அச்சடித்த படத்தில் எங்கள் ஊர்ப் பேர் வரட்டும், அந்தப் பெரியவர் பார்க்கட்டும் என்று தோன்றிவிட்டது.

"அஞ்சு நா என் கையால சோறு தின்னுட்டு, என் ஊரு பேர மறைக்கிறியா ஆத்தா?" என்றேன்.

தட்டில் இருந்த கையை எடுத்துவிட்டாள்.

"மறைக்கலம்மா. காப்பாத்தணும்னுதான்…"

"எங்க பறவைய நாங்க காப்பாத்திக்கிருவோம். நீ பேரப் போடு."

போட்டாள். பெரிதாக அச்சடித்து எனக்கும் ஒன்று அனுப்பினாள். எழுத்துக் கூட்டி வாசித்தேன். எங்கள் எஸ்டேட் பேர் சரியாக இருந்தது. சுவரில் மாட்டிவைத்து லயனையே கூப்பிட்டுக் காட்டினேன்.

அடுத்த தையில் முதல் ஜீப் வந்தது. இரண்டு பேர் போனில் அதே படத்தைக் காட்டி மரம் எங்கே என்று கேட்டார்கள். நானே முன்னால் நடந்து போய்க் காட்டிக்கொடுத்தேன். அன்றைக்கும் எனக்குப் பெருமைதான். மாசிக்குள் ஞாயிற்றுக்கிழமையானால் வளைவு வரைக்கும் கார் நின்றது. நல்ல கோணம் வேண்டும் என்று ஏலத் தூரின் மேலேயே ஏறி நின்றார்கள். ஒருவர் போனில் இருவாச்சிக் குரலைப் போட்டுவிட்டார். தொண்டை நிறையப் பழத்தோடு வந்த ஆண், சத்தம் எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல் இரண்டு சுற்றுச் சுற்றித் தூரத்து மரத்தில் உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் பழத்தைக் கீழே போட்டுவிட்டுப் பறந்து போனது. நான் கத்திக்கொண்டு குறுக்கே போய் நின்றேன்.

"அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. ஃபிரேம்ல வர்றீங்க," என்றார் அவர்.

அப்புறம் ஆண் வருவது குறைந்தது. பிறகு சிறகுச் சத்தமே இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை அந்த நிரைக்குப் போனபோது மரத்தடியில் பூசு மண் கட்டி கட்டியாகக் கிடந்தது. பக்கத்தில் இறகுகள். பொந்து திறந்திருந்தது. மத்தியானம் வரைக்கும் தூர் தூராக விலக்கிப் பொட்டையைத் தேடினோம். கிடைக்கவில்லை. பறக்க முடியாத பறவை காட்டுக்குள் இறங்கினால் என்ன ஆகும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

மதினிதான் முதலில் பேசினாள். "அந்தக் கேமராக்காரி வரட்டும், வாரியக்கட்டயாலயே சாத்துறேன். சோத்தத் தின்னுட்டு ஊரக் காட்டிக் குடுத்துட்டாளே."

நான் காய்ச் சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். கட்டின முடிச்சை அவிழ்த்து, மறுபடியும் கட்டினேன்.

இந்தப் பங்குனியில் அந்தக் கேமராக்காரப் பெண் வந்தாள். மரத்தைப் பார்க்க வருகிறேன் என்று முன்னாலேயே போன் செய்திருந்தாள். அவளுக்காகக் கருவாட்டுக் குழம்பு வைத்துவிட்டு பஸ் நிற்கிற இடத்துக்குப் போனேன். நான் போய்ச் சேருவதற்குள் பெண்கள் அவளைச் சூழ்ந்துவிட்டார்கள்.

"எதுக்குத்தா எங்க ஊரு பேரப் போட்ட? நாங்க உனக்கு என்ன கெடுதி செஞ்சோம்?" என்று கேட்டாள் மதினி.

அவள் என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவைதான். நான் என் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தப்புதான்மா. போட்டிருக்கக் கூடாது," என்றாள் அவர்களிடம். வந்த பஸ்ஸிலேயே ஏறிப் போய்விட்டாள். பஸ் வளைவு திரும்புகிற வரைக்கும் நிமிரவில்லை நான். குழம்பு அடுப்படியில் அப்படியே இருந்தது.

மறுநாள் நிரையில் வைத்து மதினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள், கையில் இருக்கிற கூடையால் அடிப்பாள் என்று நினைத்தேன்.

"இத நேத்துல்ல சொல்லிருக்கணும்," என்றாள். அவ்வளவுதான். மத்தியானம் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போய் மற்றவர்களோடு உட்கார்ந்தாள். முப்பது வருசமாக என் பக்கத்தில் உட்கார்ந்து தின்றவள்.

சாயங்காலம் அந்தக் கேமராக்காரப் பெண்ணுக்குப் போன் போட்டேன். "மன்னிச்சிரு ஆத்தா" என்று தொடங்கினேன்.

"பரவாயில்லம்மா. சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். அதற்குப் பதில் அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

படத்தைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். ஆனாலும் அது போன்களில் போய்க்கொண்டுதான் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கார் என் வாசலில் நின்றது. உள்ளே இருந்தவர் படத்தைக் காட்டி, "இந்த மரம் எங்கம்மா இருக்கு?" என்றார்.

"தெரியலையேய்யா."

"இங்கயேதான இருக்கீங்க?"

"இருக்கேன். தெரியல."

வண்டி ஓட்டுகிறவர் சிரித்தார். "விடுங்க சார். இந்த லயன் ஆளுகளுக்கு என்ன தெரியப்போகுது."

ஓடை, அயினி, பொந்து, இமை மயிர் எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. முழுங்கிவிட்டு, கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனேன்.